பழைய வரைபடத்தில் நம் தோட்டத்தைத் தேடுவது எப்படி?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவரிடம் "உங்கள் ஊர் எது?" என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்வார். "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். "இப்ப டோல் சாவடி இருக்கே, அதுக்குப் பின்னால." "அந்தப் பேரங்காடி நிக்கிற இடம்தான் எங்க லயம்." பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் அந்த இடத்தைத் தேடினால் அடுக்குமாடியும் எண்ணெய் நிலையமும் கார் நிறுத்துமிடமும்தான் தெரியும். தாத்தா சொல்லும் கோயில், பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை எதுவும் தெரியாது. கொஞ்ச நாளில் பிள்ளைகள் கேட்பதை விட்டுவிடுவார்கள். தாத்தாவும் சொல்வதை விட்டுவிடுவார்.

தோட்டப் பாட்டாளியின் கையில் சொந்தமாக ஒரு தாளும் இருந்ததில்லை. வீடு கம்பெனியுடையது, நிலம் கம்பெனியுடையது. பெயர் இருந்த செக்ரோல் புத்தகம் கிராணியின் மேசையில் இருந்தது. தோட்டம் கைமாறியபோது அந்தப் புத்தகங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. மூன்று, நான்கு தலைமுறை வாழ்ந்த இடத்தில் அவர்கள் வாழ்ந்ததற்குப் பல நேரங்களில் வாய்ச்சொல்லே சாட்சியாக மிஞ்சியது.

ஆனால் நம்மவர் எழுதாத, நமக்காக அச்சிடப்படாத ஒரு சாட்சி இருக்கிறது. அதுதான் அரசாங்க நில அளவைத் துறை வெளியிட்ட பழைய நிலத்தோற்ற வரைபடம். ஆங்கிலத்தில் டோப்போ மேப், மலாயில் பெத்தா தோப்போகிராஃபி என்பார்கள். ஆறு, மலை, சாலை, ரயில் பாதை, காடு, தோட்டம், கட்டடம் எல்லாவற்றையும் அளந்து ஒரே தாளில் போட்டிருப்பார்கள். நிர்வாகத்துக்கும் இராணுவத்துக்கும் பயன்பட வரையப்பட்டவை அவை. துரை பங்களாவைக் குறித்த அதே பேனா, லயத்து வீடுகளையும் கறுப்புக் கோடுகளாகக் குறித்தது. சில தாள்களில் கோயிலும் பள்ளியும்கூட இருக்கின்றன.

கட்டைவிரல் அகலம் ஒரு மைல்

தீபகற்ப மலேசியாவுக்கு நாம் தேட வேண்டிய முதல் வகை, ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் வந்த தாள்கள். ஒரு மைலில் 63,360 அங்குலம் இருப்பதால் இதை 1:63,360 என்று எழுதுவார்கள். போருக்கு முன்பே இத்தகைய தாள்கள் வந்தன. போர்க்காலத்தில் இந்திய நில அளவைத் துறை அச்சிட்டவையும் உண்டு. போருக்குப் பின் வான்படங்களைக் கொண்டு திருத்தி வெளியிட்ட வரிசைக்கு எல் 7010 என்று எண். அதற்குப் பிறகு மெட்ரிக் முறையில் 1:50,000 அளவில் வந்த வரிசை எல் 7030. நூலகத்தில் கேட்கும்போது இந்த எண்களைச் சொன்னால் தேடுபவருக்கு வேலை சுலபம்.

அளவைப் புரிந்துகொள்ளப் பெரிய கணக்கு வேண்டாம். கட்டைவிரலின் அகலம் ஏறக்குறைய ஓர் அங்குலம், அதாவது தரையில் ஒரு மைல். ஒரு சதுர அங்குலம் 640 ஏக்கர். 2,000 ஏக்கர் தோட்டம் ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில் அடங்கிவிடும். நம் பாட்டிமார் விடியற்காலையில் விளக்கோடு நடந்த நிரைகள், காண்டா வாளியோடு ஸ்டோருக்குத் திரும்பிய பாதைகள் எல்லாம் அந்தத் தீப்பெட்டிக்குள்தான்.

இந்தச் சிறிய அளவில் ஒரு பொறி இருக்கிறது. தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். ஒரு லயம் முப்பது, நாற்பது மீட்டர் நீளம் என்றால் தாளில் அரை மில்லிமீட்டர்தான் வரும், கண்ணுக்கே தெரியாது. அதனால் வரைபவர் கோட்டைக் கொஞ்சம் பெரிதாக்கிப் போடுவார். பத்து லயம் நெருக்கமாக இருந்தால் ஐந்தாறு கோடாகக் குறைத்துவிடுவார். எனவே தாளில் ஆறு கோடு இருப்பதைப் பார்த்து "ஆறு லயம்தான் இருந்தது" என்று முடிவு கட்டக்கூடாது. லயம் எந்தப் பக்கம் இருந்தது, சாலைக்கு எவ்வளவு தூரம், ஆற்றுக்கு மேலா கீழா என்பதற்குத் தாளை நம்பலாம். எத்தனை வீடு என்பதற்குப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

தாளின் ஓரத்தில் இருக்கும் சிறிய எழுத்துகளை முதலில் படியுங்கள். குறி விளக்கம் அங்கே இருக்கும். பள்ளிவாசல், கோயில், தேவாலயம், பள்ளி, காவல் நிலையம் ஆகியவற்றுக்கு அந்தத் தாளில் என்ன குறி என்று அதுதான் சொல்லும். வரிசைக்கு வரிசை குறிகள் மாறும் என்பதால் ஒரு தாளில் கற்றதை இன்னொன்றில் அப்படியே பொருத்தக்கூடாது. அதைவிட முக்கியம் ஆண்டு. அச்சிட்ட ஆண்டு வேறு, அளந்த அல்லது வான்படம் எடுத்த ஆண்டு வேறு. பத்தாண்டுக்கு முந்தைய அளவையை வைத்து மறுபடியும் மறுபடியும் அச்சிட்ட தாள்கள் உண்டு. "1960-இல் எங்கள் கோயில் இருந்தது" என்று எழுதுமுன் அது எந்த ஆண்டின் நிலவரம் என்று ஓரக் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரும் கட்டையும்

தோட்டத்தின் பெயர் தாளில் ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருக்கும். நம்மவர் வாயில் அந்தப் பெயர் வேறு வடிவம் எடுத்திருக்கும். பல தோட்டங்களுக்குக் கம்பெனி பெயரோடு சம்பந்தமே இல்லாத தமிழ்ப் பெயரும் இருந்தது. பெரியவர் சொல்லும் பெயரை வைத்துக் கணினியில் தேடினால் ஒன்றும் கிடைக்காமல் போவது இதனால்தான். வரைபடத்திலிருந்து சரியான எழுத்துக்கூட்டல் கிடைத்துவிட்டால் பல கதவுகள் திறக்கும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர் எஸ்ஜி தளத்தில் பழைய மலாயா, சிங்கப்பூர் நாளிதழ்கள் மின்வடிவில் உள்ளன; தமிழ் முரசும் அதில் உண்டு. தோட்டத்தின் பெயரை அங்கே தட்டினால் வேலை நிறுத்தம், வெள்ளம், கம்பெனிக் கூட்டம், பந்து விளையாட்டு என்று ஏதாவது ஒரு செய்தி பெரும்பாலும் வந்து விழும்.

மலாய்ப் பெயர்களிலும் கவனம் வேண்டும். 1972-இல் மலாய் எழுத்துக்கூட்டல் சீர்திருத்தப்பட்டது. பழைய தாளில் கம்போங், தெலோக் என்று இருப்பது இன்று கம்போங் என்பதில் "யூ" எழுத்தோடும் தெலுக் என்றும் எழுதப்படுகிறது; "சி எச்" என்று இரண்டு எழுத்தாக இருந்தது வெறும் "சி" ஆகிவிட்டது. ஊர்ப் பெயரே மாறியதும் உண்டு. போர்ட் சுவெட்டன்ஹாம் போர்ட் கிள்ளான் ஆனது. தெலுக் ஆன்சன் தெலுக் இந்தான் ஆனது. பத்தாங் பெர்ஜூந்தை இன்று பெஸ்தாரி ஜெயா.

பெரியவர்கள் இடத்தைச் சொல்லும்போது கட்டைக் கணக்கில் சொல்வார்கள்: ஏழாங்கட்டை, பன்னிரண்டாங்கட்டை. சாலையோரத்து மைல் கல்லைத்தான் நம்மவர் கட்டை என்றார்கள். கிலோமீட்டர் வந்த பிறகு கல்லும் போய்விட்டது, பெயர் மட்டும் பேச்சில் நிற்கிறது. பழைய ஓரங்குலத் தாள்களில் முக்கியச் சாலைகளின் ஓரத்தில் மைல் எண்கள் அச்சாகியிருக்கும். அந்த எண்ணைப் பிடித்தால் பெரியவர் சொல்லும் இடம் தாளில் அகப்பட்டுவிடும். ஒரே ஊரிலிருந்து இரண்டு சாலைகள் பிரிந்தால் இரண்டிலும் ஒரு எட்டாங்கட்டை இருக்கும். எந்தச் சாலை, எந்த ஊரிலிருந்து எண்ணிய கட்டை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

தமிழ்ப்பள்ளியின் பெயரும் ஒரு துப்புதான். 1923 தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. கொட்டகையிலும் கோயில் மண்டபத்திலும் தொடங்கிய அந்தப் பள்ளிகளோடு சேர்த்து, சுதந்திரம் அடைந்த 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530. தோட்டம் போனாலும் பள்ளிப் பெயரில் தோட்டத்தின் பெயர் தங்கியிருக்கிறது. பெட்டாலிங் ஜெயா நகரம் எழுந்தது எஃபிங்ஹாம் தோட்டத்து நிலத்தில். பண்டார் உத்தாமாவில் இன்றும் எஃபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. சுற்றிலும் பேரங்காடியும் அலுவலகங்களும் இருக்கும் இடத்தில் அந்த ஆங்கிலப் பெயர் ஏன் வந்தது என்று அங்கே படிக்கும் பிள்ளைக்குப் பழைய தாள் ஒரு பார்வையில் சொல்லிவிடும். ஆனால் பள்ளி இன்று நிற்கும் இடம்தான் பழைய பள்ளி இருந்த இடம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பல பள்ளிகள் இடம் மாறியவை.

லயம் ஏன் இடம் மாறியது?

ஒரு தாள் ஒரு நாளைத்தான் காட்டும். ஒரே இடத்தின் இரண்டு மூன்று தாள்களை, வெவ்வேறு காலத்தவற்றை, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வரலாறு நகரத் தொடங்கும். அப்படி வைத்துப் பார்க்கும் பலருக்கு முதலில் கண்ணில் படுவது லயம் இடம் மாறியிருப்பது.

அதற்குக் காரணங்கள் பல. முதல் காரணம் மலேரியா. தொடக்க காலத் தோட்டங்களில் தண்ணீர் வசதிக்காக லயங்களை ஓடைக்கு அருகில் கட்டினார்கள். காட்டை அழித்ததும் மலையடிவார ஓடைகளில் வெயில் விழுந்தது. வெயில் படும் தெளிந்த நீரில்தான் அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் என்ற கொசு பெருகும். கிள்ளானில் 1901 முதல் மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன், சதுப்பை வடித்து மலேரியாவைக் குறைக்க முடியும் என்று காட்டினார். பிறகு தோட்டங்களிலும் வடிகால், ஓடைக்கு எண்ணெய் ஊற்றுதல் ஆகியவை வந்தன. லயங்களை ஓடையிலிருந்து தள்ளி உயரத்தில் கட்டுவதும் அந்த முயற்சிகளில் ஒன்று. பழைய தாளில் பள்ளத்தில் இருந்த லயம் அடுத்த தாளில் மேட்டில் இருந்தால், அந்த இடப்பெயர்ச்சிக்குப் பின்னால் எத்தனை சாவு இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. உயரக் கோடுகளைப் பார்த்தால் பள்ளம் எது, மேடு எது என்று தெரியும். கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் சமதரை.

இரண்டாவது, அவசரகாலம். 1948 முதல் 1960 வரை நீடித்த அந்தக் காலத்தில், 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரச் சீனர்கள் புதுக்கிராமங்களுக்குக் கொண்டுபோகப்பட்டது எல்லாருக்கும் தெரிந்த கதை. தோட்டத் தொழிலாளர்களும் பெரிய எண்ணிக்கையில் ஒன்றுகூட்டப்பட்டார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தூரத்து டிவிஷன்களில் சிதறிக் கிடந்த லயங்களைக் காலி செய்து, ஆலைக்கோ பெரிய சாலைக்கோ அருகில் முள்வேலிக்குள் குடியமர்த்தினார்கள். போருக்கு முந்தைய தாளில் நான்கு இடத்தில் லயம், 1950-களின் அளவையில் ஒரே இடத்தில் என்றால் அநேகமாக இதுதான் நடந்திருக்கும். இன்று எண்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த முள்வேலியும் ஊரடங்கும் நினைவிருக்கும். இப்போதே கேட்க வேண்டிய கேள்வி இது.

அப்புறம் துண்டாடல். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போன தோட்டங்கள் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து விற்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் வேலையும் வீடும் இழந்தார்கள். அதைத் தடுக்கத்தான் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அதன் முதல் கொள்முதல். தாளில் துண்டாடல் எப்படித் தெரியும்? பெரிய எழுத்தில் இருந்த தோட்டப் பெயர் அடுத்த பதிப்பில் காணாமல் போயிருக்கும்.

ரயில் பாதையும் பார்க்க வேண்டியது. போருக்கு முந்தைய தாளில் தம்பினிலிருந்து மலாக்காவுக்கு ரயில் பாதை ஓடும். ஜப்பானியர் காலத்தில் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். தோட்டங்களிலிருந்து நம்மவர்களையும் அங்கேதான் கொண்டுபோனார்கள். தண்டவாளம் காணாமல் போனதை வரைபடம் காட்டுகிறது. ஆள் காணாமல் போனதை அது காட்டாது.

ஏரிக்கடியில் இரண்டு ஆறுகள்

புத்ராஜெயாவை எடுத்துக்கொள்வோம். ஒரு தோட்டத்தின் மேல் முழு நகரமே எழுந்த இடம் அது, பலர் போய்ப் பார்த்த இடமும்கூட. முதல் உலகப் போரில் சண்டையிட்டுத் திரும்பிய பிரிட்டிஷ் வீரர்கள் சிலர் அங்கே காடு வெட்டித் தோட்டம் போட்டார்கள். அதனால்தான் பிராங் பெசார், அதாவது பெரும் போர் என்று பெயர். ரப்பர் கன்றுகளை ஆராய்ந்து உருவாக்குவதில் அந்தத் தோட்டம் பேர்பெற்றது. பால்மரம் வெட்டியவர்களுக்குப் பிபி 260 போன்ற மர இனங்களின் பெயர் தெரிந்திருக்கும். அந்தப் "பிபி" பிராங் பெசாரின் முதலெழுத்துகள்.

பழைய தாளில் இந்த வட்டாரத்தைப் பார்த்தால் தோட்டத்தின் ஊடே சுங்கை சுவாவ், சுங்கை பிசா என்ற இரண்டு சிறு ஆறுகள் ஓடும். இன்றைய படத்தில் அந்தப் பள்ளத்தாக்குகள் இல்லை. அவற்றில் தண்ணீரைத் தேக்கித்தான் புத்ராஜெயா ஏரியை உண்டாக்கினார்கள். சுற்றுலாப் படகு போகும் தண்ணீருக்கு அடியில் தோட்டத்து ஓடைக்கரை இருக்கிறது. 1990-களில் நகரம் எழும்பியபோது பிராங் பெசார், செட்ஜ்லி, மெடிங்லி, கேலவே ஆகிய நான்கு தோட்டங்களின் மக்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டார்கள். 1999-இல் பிரதமர் அலுவலகம் அங்கே வந்தது. 2001-இல் அது கூட்டரசுப் பிரதேசம் ஆனது. நகரத்தின் வரலாறு அங்கிருந்து தொடங்குவதாக நினைக்கும் பிள்ளைகளுக்குப் பழைய தாளையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். ஏரியின் வளைவும் பழைய ஆற்றுப் பள்ளத்தின் வளைவும் ஒத்துப்போவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

ஷா ஆலமிலும் இதே போல் தேடலாம். அது சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த இடம். சிங்கப்பூர் வாசகர்கள் செம்பவாங் பக்கம் பார்க்கலாம். கடற்படைத் தளத்தில் வேலை செய்த தமிழர்கள் குடியிருந்த வட்டாரம் அது. கான்பெரா சாலையில் இருந்து பின்னர் ஈசூனுக்கு மாறிய புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் போன்றவற்றின் பழைய இடத்தைத் தேட, ஒன்றன்பின் ஒன்றாக வந்த தாள்கள் உதவும்.

தாளில் இல்லாதது

வரைபடத்தில் வெற்றிடமாக இருக்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை என்று பொருளல்ல. மரத்தடி முனியாண்டி, ஓடைக்கரைக் காளி, சூலம் மட்டும் நட்ட இடம் ஆகியவற்றை எந்த அளவையாளரும் குறிக்கவில்லை. இடுகாடு சில தாள்களில் இருக்கும், பலவற்றில் இருக்காது. கள்ளுக்கடை, ஆற்றில் குளிக்கும் துறை, திருவிழாவுக்குத் தேர் சுற்றிய பாதை எதுவும் இருக்காது. கங்காணி பெயரில் வழங்கிய லயமும் இருக்காது. இவை பெரியவர்களின் நினைவில் மட்டும் இருக்கின்றன. தாளைக் காட்டிக் கேட்டால் அவை வெளியே வரும்.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. தாளின் அந்தப் பகுதியைப் பெரிதாக்கி ஏ3 அளவில் நகல் எடுங்கள். மூக்குக் கண்ணாடி போட்டும் தெரியாத எழுத்தை வைத்துக்கொண்டு எந்தத் தாத்தாவும் பேசமாட்டார். மேலே கண்ணாடித்தாள் ஒன்றை விரித்து அதில்தான் எழுத வேண்டும். நகலில் எழுதினால் இரண்டாவது ஆள் முதல் ஆள் சொன்னதைப் பார்த்து அதையே சொல்வார். முதலில் ஆறு, மலை, ரயில் பாதை, பெரிய சாலை ஆகியவற்றைக் காட்டித் திசையைப் பிடித்துக்கொடுங்கள். "கோயில் எங்கே இருந்தது?" என்று நேராகக் கேட்பதைவிட "பெரட்டு முடிந்து காட்டுக்குப் போகும்போது வழியில் முதலில் எது வரும்?" என்று கேட்டுப் பாருங்கள். பல ஆண்டுகள் தினமும் நடந்த வழி காலில் இருக்கிறது. பெண்களைத் தனியாகக் கேளுங்கள். குழாயடி, ஆயாக்கொட்டகை, பால் நிறுத்த ஸ்டோர் இவற்றை அவர்கள் சொல்லும் துல்லியம் ஆண்களுக்கு வராது. கள்ளுக்கடையை ஆண்கள் தவறாமல் காட்டிவிடுவார்கள். இரண்டு பேர் இரண்டு இடத்தைக் காட்டினால் சண்டையைத் தீர்க்க வேண்டாம். இரண்டையும் குறித்து, சொன்னவர் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை அங்கே இருந்தார் என்று எழுதுங்கள். இருவர் சொல்வதும் சரியாக இருக்கும், காலம்தான் வேறு.

கோலாலம்பூரில், முன்பு ஜாலான் டூத்தா எனப்பட்ட சாலையில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய வரைபடங்கள் இருக்கின்றன. பதிவு செய்துகொண்டு ஆய்வறையில் பார்க்கலாம். நில அளவை, வரைபடத் துறையான ஜூபெம் தன் பங்குக்கு இன்றைய தாள்களை வைத்திருக்கிறது. ஆனால் அவற்றில் பல "தெர்ஹாட்" வகையைச் சேர்ந்தவை. விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் சிங்கப்பூர் வரைபடங்களை வீட்டிலிருந்தே பார்க்க முடியும். பிரிட்டன், ஆஸ்திரேலியா நூலகங்களிலும் மலாயாத் தாள்கள் உள்ளன. இவற்றைவிடச் சிறந்தது தோட்ட அலுவலகத்துச் சுவரில் தொங்கிய கம்பெனி வரைபடம். காட்டு எண், நடவு ஆண்டு, லய எண் எல்லாம் அதில் இருக்கும். பழைய கிராணிமார் வீட்டில் ஒன்று சுருட்டிக் கிடந்தால் அதிர்ஷ்டம்.

கணினி தெரிந்த பிள்ளைகள் பழைய தாளைக் கூகள் எர்த் மேல் வைத்துப் பொருத்தலாம், இலவச மென்பொருளான கியூஜிஐஎஸ்-இலும் செய்யலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். பழைய தாள்கள் கெர்த்தாவ் என்ற அளவை அடிப்படையில் வரையப்பட்டவை; கைப்பேசியின் ஜிபிஎஸ் வேறு அடிப்படையில் இயங்குகிறது. தாளில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே கைப்பேசியில் போட்டால் ஏறக்குறைய 150 முதல் 200 மீட்டர் தள்ளிக் காட்டும். கோயில் இருந்த இடம் என்று நினைத்து அடுத்தவர் வீட்டு வாசலில் போய் நிற்க நேரும். மாறாத ஆற்று வளைவு, பழைய பாலம், சாலைச் சந்திப்பு என்று நான்கைந்து இடங்களை வைத்துப் பொருத்தினால் இந்தப் பிழை பெருமளவு சரியாகும்.

கோயிலுக்கும் மயானத்துக்கும் இது உதவுமா?

ஆலய நிர்வாகத்தினர் பலர் வரைபடத்தைத் தேடுவதே இதற்காகத்தான். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது நல்லது. நிலத்தோற்ற வரைபடம் நில உரிமைப் பத்திரம் ஆகாது. தேசிய நிலச் சட்டத்தின்படி, எத்தனை ஆண்டு குடியிருந்தாலும் குடியிருந்த காரணத்தால் மட்டும் நிலம் சொந்தமாகிவிடாது. அரசு நிலத்துக்கும் இதே விதி, தனியார் நிலத்துக்கும் இதே விதி. "1958 வரைபடத்தில் எங்கள் கோயில் இருக்கிறது, ஆகவே நிலம் எங்களுடையது" என்ற வாதம் நிற்காது.

நிற்கக்கூடிய வாதம் வேறு. கோயில் மேம்பாட்டு நிறுவனம் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது, நேற்று முளைத்ததல்ல என்பதை அரசாங்கத்தின் சொந்தத் தாளே சொல்லும். மாற்று நிலம், இழப்பீடு, இடமாற்றத்துக்கான கால அவகாசம் என்று பேசும் மேசையில் அதற்கு மதிப்பு உண்டு. வெறும் வாய்ச்சொல்லோடு போவதற்கும் ஆண்டு குறித்த தாளோடு போவதற்கும் வித்தியாசம் தெரியும்.

மயான விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும். பொது நோக்கத்துக்காக ஒதுக்கி அரசிதழில் அறிவித்த நிலமாக இருந்தால் அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. தோட்ட நிலத்துக்குள் கம்பெனி வாய்மொழியாக விட்ட இடமாக இருந்தால் நிலைமை வேறு. இரண்டும் பழைய தாளில் ஒரே மாதிரிதான் தெரியும். ஆகவே பழைய வரைபடத்தில் இடத்தைக் கண்டுபிடித்ததும் இன்றைய லாட் எண் என்ன என்று பார்த்து, மாவட்ட நில அலுவலகத்தில் "சாரியான்" செய்து, நிலம் யார் பெயரில், எந்த வகையில், ஒதுக்கு நிலமா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும். லாட் எல்லையைத் துல்லியமாகக் காட்டுவது ஜூபெம் தரும் "பெலான் அக்குவி" என்ற அளவைப் படம்.

மேம்பாட்டு அறிவிப்புப் பலகை நட்ட பிறகு ஓடுவதைவிட, தோட்டம் இன்னும் செம்பனைக் காடாக இருக்கும்போதே இந்தத் தேடலை முடித்து வைப்பது புத்திசாலித்தனம். வரைபட நகலின் பின்பக்கம் தாள் எண், வரிசை எண், அளந்த ஆண்டு, எந்தக் காப்பகத்திலிருந்து எடுத்தது, யார் எதைக் காட்டினார், எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். ஒரு பிரதி ஆலயத்தில், ஒன்று பள்ளியில், ஒன்று தோட்டத்தை விட்டு வெளியூர் போய்விட்ட ஒருவர் வீட்டில் இருக்கட்டும்.